லாஸ் வேகஸில் விளையாட்டுச் சுற்றுலாவும் போக்கரும்

லாஸ் வேகஸ் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ள ஒரு நகரமாகும். சூதாட்ட விடுதிகளுக்குப் (காசினோ) பெயர்பெற்ற இந்நகரம், 2017 ஆம் ஆண்டு முதல் தொழில்முறை விளையாட்டு அணிகளின் நகரமாகவும் மாறியுள்ளது. ஒரு போட்டியைக் காண்பதற்காக இரண்டு அல்லது மூன்று நாட்கள் தங்கி, எஞ்சிய நேரத்தைச் சூதாட்ட விடுதியின் போக்கர் அறையில் கழிப்பது இங்கு வருவோரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு பயண முறையாகும். அத்தகைய பயணத்தின் பின்னணி, போக்கர் அறைகள் இயங்கும் விதம், போட்டியையும் போக்கரையும் ஒரே பயணத்தில் பொருத்துவதில் உள்ள சிக்கல்கள் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

புகழ்பெற்ற பெருவிடுதிகள் வரிசையாக அமைந்துள்ள "ஸ்ட்ரிப்" எனப்படும் நெடுஞ்சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகராட்சி எல்லைக்குள் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. அது கிளார்க் மாவட்டத்தின் பரடைஸ் என்னும் பகுதியைச் சேர்ந்தது. கீழே குறிப்பிடப்படும் விளையாட்டரங்குகளும் அப்பகுதியிலேயே உள்ளன. எனினும் பேச்சு வழக்கில் எல்லாமே லாஸ் வேகஸ்தான்.

பின்னணி

நெவாடா மாநிலம் 1931 ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. விளையாட்டுப் போட்டிகள் மீது பந்தயம் கட்டுவதற்கு 1949 இல் அனுமதி வழங்கப்பட்டது. இதே காரணத்தால், அமெரிக்காவின் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்புகள் இந்நகரை நெடுங்காலம் தீண்டாமலே இருந்தன. அவற்றின் அச்சத்துக்கு ஒரு பழைய நிகழ்வு அடிப்படையாக இருந்தது. 1919 ஆம் ஆண்டு பேஸ்பால் உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாக சிக்காகோ ஒயிட் சாக்ஸ் அணியைச் சேர்ந்த எட்டு வீரர்கள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1921 இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்த பின்னரும், பேஸ்பால் நிர்வாகம் அவர்களுக்கு ஆயுட்காலத் தடை விதித்தது.

கூட்டமைப்பு எதுவும் கட்டுப்படுத்தாத குத்துச்சண்டைக்கு இத்தகைய தயக்கம் இருக்கவில்லை. சீசர்ஸ் பேலஸ் விடுதியின் வளாகத்தில் தற்காலிக அரங்கம் அமைத்து 1980 இல் லாரி ஹோம்ஸ் - முகமது அலி சண்டையும், 1985 இல் மார்வின் ஹேக்லர் - தாமஸ் ஹேர்ன்ஸ் சண்டையும் நடத்தப்பட்டன. அதே விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் 1981, 1982 ஆகிய இரு ஆண்டுகளில் பார்முலா 1 கார்ப் பந்தயமும் நடைபெற்றது. விடுதிகளுக்குப் போட்டி என்பது விருந்தினரை வரவழைக்கும் ஒரு வழி. நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் போட்டி முடிந்ததும் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் தம் அறைக்குச் செல்ல வேண்டியிருந்தது.

கூட்டமைப்புகளின் பிடிவாதம் 2010களிலும் நீடித்தது. தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (என்.எப்.எல்) 2003 ஆம் ஆண்டு சூப்பர் பவுல் ஒளிபரப்பின்போது லாஸ் வேகஸ் சுற்றுலா விளம்பரம் இடம்பெறுவதை ஏற்க மறுத்தது. 2007 இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் (என்.பி.ஏ) நட்சத்திர ஆட்டம் இங்கு நடந்தபோது, அவ்வாட்டத்தின் மீது பந்தயம் ஏற்பதில்லை என நெவாடாவின் பந்தய நிலையங்கள் உடன்பட்டன. 2015 இல் கால்பந்து வீரர் டோனி ரோமோ ஒரு விடுதி வளாகத்தில் ஏற்பாடு செய்திருந்த இரசிகர் மாநாடுகூட, இடம் சூதாட்ட விடுதியுடன் தொடர்புடையது என்பதால் கைவிடப்பட்டது.

இதன் பின்னர் மாற்றம் வியக்கத்தக்க வேகத்தில் நிகழ்ந்தது. தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பின் வேகஸ் கோல்டன் நைட்ஸ் அணி 2017 இல் தன் முதல் பருவத்தை ஆடி, அதே பருவத்தில் இறுதிச்சுற்று வரை சென்றது. 2023 இல் ஸ்டான்லி கிண்ணத்தையும் வென்றது. பெண்கள் கூடைப்பந்து அணியான லாஸ் வேகஸ் ஏசஸ் 2018 இல் வந்து சேர்ந்தது. 2018 மே 14 அன்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்து வந்த 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என அறிவித்தது. பந்தயம் நாடெங்கும் பரவத் தொடங்கியபின் ஒரு நகரத்தை மட்டும் விலக்கி வைப்பதில் பொருளில்லாமல் போயிற்று. ரைடர்ஸ் கால்பந்து அணி 2020 இல் இங்கு இடம்பெயர்ந்தது. முன்பு விளம்பரத்துக்கே இடம் தராத அதே கூட்டமைப்பு, 2024 பெப்ரவரி 11 அன்று தன் சூப்பர் பவுல் ஆட்டத்தை இந்நகரிலேயே நடத்தியது.

விளையாட்டு நாட்காட்டி

பயணத்தின் தேதியை முடிவு செய்வது போட்டியே அன்றிப் போக்கர் அல்ல. போக்கர் மேசைகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன.

பனி ஹாக்கிப் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரையிலும், அணி தகுதிபெற்றால் அதற்குப் பின்னரும் நீடிக்கும். ஆட்டங்கள் டி-மொபைல் அரங்கில் நடைபெறுகின்றன. இவ்வரங்கு 2016 இல் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் செப்டம்பர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை ஆகும். அலீஜியன்ட் அரங்கில் ஏறத்தாழ 65,000 பேர் அமரலாம். இவ்வரங்கின் கட்டுமானத்துக்கான பொதுப்பணமான 75 கோடி டாலர், விடுதி அறைகள் மீதான வரியிலிருந்து பெறப்படுகிறது. அதாவது போட்டியைப் பாராத சுற்றுலாப் பயணியும் அரங்கிற்குத் தம் பங்கைச் செலுத்துகிறார். பெண்கள் கூடைப்பந்துப் பருவம் மே மாதத்தில் தொடங்குகிறது. ஜூலையில் என்.பி.ஏ கோடைக்காலத் தொடர் நடைபெறும். இதில் புதிதாகத் தேர்வான இளம் வீரர்கள் ஆடுவர். டிசம்பரில் தேசிய ரோடியோ இறுதிப்போட்டி 1985 முதல் இங்கு நடந்து வருகிறது. பெரிய குத்துச்சண்டைகள் மே மாதத்தின் முதல் வாரத்திலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் மெக்சிக்கோ விழா நாட்களை ஒட்டி நடத்தப்படுவது வழக்கம். பேஸ்பால் அணியான அத்லெட்டிக்ஸின் அரங்கம், 2024 அக்டோபரில் தகர்க்கப்பட்ட டிராப்பிகானா விடுதியின் நிலத்தில் 2028 இல் திறக்கத் திட்டமிடப்பட்டுள்ளது.

2023 நவம்பரில் பார்முலா 1 மீண்டும் இங்கு வந்தது. இம்முறை பந்தயத்தடம் ஸ்ட்ரிப் சாலையையே உள்ளடக்கியது. முதற் பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில், சாலையிலிருந்த ஒரு குழாய்மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் காரைச் சேதப்படுத்தியது. பழுதுபார்த்து இரண்டாம் பயிற்சி தொடங்கியபோது அதிகாலை இரண்டரை மணி. அதற்குள் பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். தொலைவிலிருந்து வருவோர் போட்டிக்கு முதல் நாளே வந்து சேர்வதும், போட்டி முடிந்த இரவே விமானம் ஏறும்படி திட்டமிடாதிருப்பதும் நன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

பெரிய போட்டி நாட்களில் விடுதிக் கட்டணம் பன்மடங்கு உயரும். இது போக்கர் ஆடுவோரையும் பாதிக்கிறது. அதே மேசை, அதே ஆட்டம், ஆனால் தங்கும் செலவு மட்டும் வேறு. அறை வாடகையுடன் "ரிசார்ட் கட்டணம்" என்ற பெயரில் நாள்தோறும் தனித்தொகை சேர்க்கப்படுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

போக்கர் அறையின் இயக்கம்

சூதாட்ட விடுதியின் பிற ஆட்டங்களில் ஆடுபவர் விடுதிக்கு எதிராகவே ஆடுகிறார். அமெரிக்க ரூலட் சக்கரத்தில் இரண்டு சுழியங்கள் இருப்பதால், வைக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5.26 டாலர் விடுதிக்குச் செல்கிறது. விளையாட்டுப் பந்தயத்திலும் இதே நிலைதான். வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் வெல்வதற்கு 110 டாலர் வைக்க வேண்டும். எனவே நட்டமின்றி இருப்பதற்கே 52.4 விழுக்காடு பந்தயங்களில் வெல்ல வேண்டும்.

போக்கரில் ஆட்டக்காரர்கள் தமக்குள் ஆடுகின்றனர். விடுதி மேசையையும், சீட்டுப் பகிர்பவரையும் (டீலர்) வழங்கி, அதற்குரிய கட்டணத்தை மட்டும் பெறுகிறது. இன்று பரவலாக ஆடப்படுவது "டெக்சஸ் ஹோல்டெம்" என்னும் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள் தரப்படும். பின்னர் ஐந்து பொதுச்சீட்டுகள் மேசையில் மூன்று, ஒன்று, ஒன்று எனத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை உயர்த்தலாம், ஈடுசெய்யலாம், அல்லது சீட்டைக் கைவிடலாம். ஏழு சீட்டுகளுள் சிறந்த ஐந்தைக் கொண்டவர், அல்லது மற்ற அனைவரும் கைவிட்டபின் எஞ்சி நிற்பவர், திரண்ட தொகையைப் பெறுவார். சீட்டு பகிர்வதற்கு முன்பே இருவர் "பிளைண்ட்" எனப்படும் கட்டாயத் தொகையை வைக்க வேண்டும். "1-3" மேசை என்றால் இத்தொகைகள் 1 டாலரும் 3 டாலரும் என்று பொருள். மிகச் சிறந்த தொடக்கச் சீட்டான இரு ஏஸ்கள் கிடைப்பதற்கான வாய்ப்பு 221 இல் 1 மட்டுமே. மணிக்கு முப்பது கை ஆடும் மேசையில் இது ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை. புதிதாக வருவோர் பெரும்பாலான கைகளைக் கைவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை இவ்வெண் உணர்த்தும். தொலைக்காட்சியில் காட்டப்படுவது தொகுக்கப்பட்ட சுவையான பகுதிகளே.

விடுதியின் கட்டணம் "ரேக்" எனப்படும். சிறிய மேசைகளில் ஒவ்வொரு கையிலும் திரளும் தொகையிலிருந்து ஒரு விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு எடுக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு கைக்குச் சராசரியாக 4 டாலர் எடுக்கப்படுவதாகவும், மணிக்கு 30 கைகள் ஆடப்படுவதாகவும் கொள்வோம். மேசையிலிருந்து மணிக்கு 120 டாலர் வெளியேறுகிறது. ஒன்பது பேர் அமர்ந்திருந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 13 டாலர். வென்ற கைக்கு ஒரு டாலர் வீதம் பகிர்பவருக்கு அன்பளிப்பு அளிக்கும் வழக்கத்தையும் சேர்த்தால் 16 டாலரைத் தாண்டும். பத்து மணி நேரத்தில் இது 160 டாலருக்கு மேல். 300 டாலருடன் அமர்ந்தவரின் தொகையில் பாதிக்கும் அதிகமான பங்கு, எவரும் வெல்லாமலே, மேசையை விட்டுப் போய்விடுகிறது. சமதிறன் கொண்ட ஒன்பது பேர் ஆடினால் ஒன்பது பேரும் சராசரியாகத் தோற்பர்.

காசாட்டமும் போட்டித்தொடரும்

குறும்பயணத்தில் மிக முக்கியமான தேர்வு இதுவாகும்.

காசாட்டத்தில் சில்லுகள் (சிப்) நேரடியாகப் பணத்துக்கு ஈடானவை. ஆட்டக்காரர் விரும்பிய நேரத்தில் அமரலாம், விரும்பிய நேரத்தில் எழுந்து சில்லுகளைப் பணமாக்கிக்கொண்டு செல்லலாம். போட்டித்தொடரில் (டோர்னமென்ட்) அனைவரும் நுழைவுத்தொகை செலுத்தி ஒரே அளவு சில்லுகள் பெறுவர். அச்சில்லுகளுக்குப் பணமதிப்பு இல்லை. அனைத்தையும் இழந்தவர் வெளியேற, கடைசி வரை நிற்கும் சிலருக்கே பரிசு. வழக்கமாகப் பங்கேற்போரில் எட்டில் ஒருவர் அளவிலேயே ஏதேனும் பெறுகின்றனர்.

போட்டித்தொடரே புகழ் பெற்றது. அதற்கான காரணத்தை வரலாற்றில் காணலாம். பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ விடுதியில் 1970 இல் தொடங்கிய உலகப் போக்கர் தொடர், முதல் ஆண்டில் ஜானி மோசை வாக்கெடுப்பின் மூலம் வெற்றியாளராகத் தேர்ந்தது. மறு ஆண்டு முதலே வெளியேற்று முறை வந்தது. 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், இணையத்தில் ஒரு சிறிய தகுதிச்சுற்றை வென்று, 10,000 டாலர் நுழைவுத்தொகை கொண்ட முதன்மைப் போட்டியில் இடம்பெற்று, 838 பேரை விஞ்சி 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். மணிமேக்கர் ("பணம் பண்ணுபவர்") அவரது உண்மையான குடும்பப்பெயர். 2006 இல் பங்கேற்போர் எண்ணிக்கை 8,773 ஆகவும், 2023 இல் 10,043 ஆகவும் உயர்ந்தது. அத்தொடர் இன்று கோடைக்காலத்தில், ஸ்ட்ரிப் சாலையிலுள்ள ஹார்ஸ்ஷூ, பாரிஸ் ஆகிய விடுதிகளில் நடைபெறுகிறது. இன்றைய ஹார்ஸ்ஷூ, முன்னர் பாலீஸ் என அழைக்கப்பட்ட விடுதியாகும். பினியனின் பழைய கட்டடம் நகர மையத்தில் உள்ளது.

இப்புகழால் ஈர்க்கப்பட்டுப் போட்டி நாளன்று நண்பகலில் ஒரு சிறிய போட்டித்தொடரில் சேர்பவர் விசித்திரமான நிலைக்கு ஆளாகிறார். மோசமாக ஆடினால் ஒரு மணி நேரத்தில் வெளியேறுவார். அரங்கத்துக்குச் செல்லத் தடையில்லை. நன்றாக ஆடினால் மாலை ஏழு மணிக்கும் மேசையிலேயே இருப்பார். எழுந்து சென்றாலும் அவரது சில்லுகள் இருக்கையில் இருக்கும்; கட்டாயத் தொகைகள் அவற்றிலிருந்து கழிந்துகொண்டே வரும். இருநூறு டாலர் கொடுத்து வாங்கிய ஆட்டச்சீட்டா, இருநூறு டாலர் கொடுத்துப் பெற்ற மேசை இடமா என்ற கேள்வி, அவர் வெல்லும்போதுதான் எழுகிறது. ஆகவே போட்டித்தொடரில் ஆட விரும்புவோர் போட்டியில்லாத ஒரு முழுநாளை அதற்கென ஒதுக்குவதே முறை. போட்டி நாளுக்கு உரியது காசாட்டமே.

குறுகிய காலமும் தற்செயலும்

போக்கர் திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா என்ற வாதம் பழையது. விடை, எவ்வளவு நேரம் ஆடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

1-3 மேசையில் மணிக்குச் சராசரியாக 15 டாலர், கட்டணம் போக, ஈட்டும் திறமைசாலி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது நல்ல தேர்ச்சியாகும். 100 கைகளுக்கான திட்டவிலக்கம் 270 டாலர் (90 பெரிய பிளைண்ட்) எனக் கொண்டால், பத்து மணி நேரத்தில், அதாவது 300 கைகளில், அவரது எதிர்பார்ப்பு ஈட்டம் 150 டாலர். ஆனால் அதே காலத்துக்குரிய திட்டவிலக்கம் ஏறத்தாழ 468 டாலர். இயல்நிலைப் பரவலின்படி கணக்கிட்டால், இத்தகைய நூறு பயணங்களில் ஏறத்தாழ 37 இல் இத்திறமைசாலி பணம் இழந்தே ஊர் திரும்புவார். மறுபுறம், மணிக்கு 15 டாலர் இழக்கும் இயல்புடைய ஆட்டக்காரரும் அதே நூறில் 37 முறை வென்று திரும்புவார். ஈட்டம் திட்டவிலக்கத்தை எட்டிப்பிடிக்க மட்டுமே ஏறத்தாழ 100 மணி நேரம் ஆட வேண்டும். மூன்று நாள் பயணத்தில் போக்கருக்குக் கிடைப்பது பத்து, பன்னிரண்டு மணி நேரமே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பயணச் செலவைப் போக்கரில் ஈட்டிவிடலாம் என்ற கணக்கு திறமைசாலிக்கும் பொருந்தாது. இரண்டாவது கூடுதல் ஆபத்தானது. வென்று திரும்பியவர் அவ்வெற்றியைத் தம் திறமைக்குச் சான்றாகக் கொண்டு, அடுத்த முறை பெரிய மேசையில் அமர்கிறார். அந்த 37 விழுக்காட்டைச் சேர்ந்தவர்தாம் தாம் என்பதை அவர் அறிய வழியில்லை.

ஒரு மாதிரிப் பயணம்

சனிக்கிழமை மாலை டி-மொபைல் அரங்கில் ஹாக்கி ஆட்டம் ஒன்றைக் காண வருபவர் வெள்ளி பிற்பகல் வந்து சேர்வதாகக் கொள்வோம். ஹாரி ரீட் பன்னாட்டு வானூர்தி நிலையம் (2021 வரை மெக்காரன்) ஸ்ட்ரிப் சாலையை ஒட்டியே இருப்பதால் பயண நேரம் மிகக் குறைவு. அரங்கம் நியூயார்க்-நியூயார்க் விடுதியின் பின்புறம் உள்ளது. அதன் அருகில் தங்கினால் வாடகை வண்டி தேவைப்படாது. போக்கர் அறைகளுக்குப் பெயர்பெற்ற ஆரியா, பெலாஜியோ விடுதிகள் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. வெனிசியன், வின் ஆகியவை வடக்கே தள்ளி உள்ளன. வரைபடத்தில் அருகருகே தோன்றும் இரு விடுதிகளுக்கு இடையே நடக்க இருபது நிமிடங்கள் ஆகலாம். கட்டடங்களின் அளவு கண்ணை ஏமாற்றும். கோடையில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதால் அத்தொலைவும் எளிதன்று.

வெள்ளி இரவு காசாட்டத்துக்கு உகந்தது. வார இறுதிக்காக வந்த பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் மேசைகளை நிரப்புவர். எனினும் காத்திருப்போர் பட்டியலும் நீளும். சனிக்கிழமை நண்பகலில் மூன்று மணி நேரம் ஆடி, நான்கு மணிக்கு எழுந்து, உணவருந்தி அரங்கத்துக்குச் செல்லலாம். எழும் நேரத்தை அமரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு "இன்னும் ஒரு சுற்று" என்பது இயல்பாகத் தோன்றும். போட்டி தொடங்கும் நேரம் உண்மையில் ஒரு நன்மையே. வேறு எதுவும் எழுப்பாத ஆட்டக்காரரை அது எழுப்பிவிடுகிறது. ஆட்டம் முடிந்த பின்னர் மீண்டும் மேசைக்குச் செல்வதுதான் பலரும் அதிகம் இழக்கும் நேரம்: களைப்பு, இலவசமாக வழங்கப்படும் மது, முடிவு நேரம் ஏதுமின்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்கின்றன.

பணத்தை நாள்வாரியாகப் பிரித்து வைப்பது பழைய முறையாயினும் பயனுள்ளது. 900 டாலர் ஒதுக்கியவர் அதை மூன்று உறைகளில் இட்டு, அன்றைய உறை தீர்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது எனக் கொள்ளலாம். சூதாட்டக் கூடத்திலுள்ள தானியங்கிப் பண இயந்திரங்கள் உயர்ந்த கட்டணம் பெறுகின்றன. நுழைவுச்சீட்டு, விடுதி, விமானம் ஆகியவற்றை முன்கூட்டியே செலுத்திவிடுவதால் அவை மேசைக்கு வராமல் காக்கப்படுகின்றன.

மேசை வழக்கங்கள்

சூதாட இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் கடவுச்சீட்டை உடன் வைத்திருப்பது நல்லது. போக்கர் அறையின் முகப்பில் பெயர் பதிந்து, அழைக்கப்பட்டதும் அமர வேண்டும். ஆடும்போது மேசையில் உள்ள தொகை மட்டுமே ஒரு கையில் இடருக்கு உட்படும். பையிலிருந்து நடுவில் எடுத்துச் சேர்க்க முடியாது. அதேபோல் வென்ற சில்லுகளில் ஒரு பகுதியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடவும் அனுமதி இல்லை. வெற்றியைக் காக்க விரும்புபவர் முழுவதுமாக எழுந்துவிட வேண்டும். தம் முறை வருமுன் செயற்படுவதும், பந்தயத்தை இரு தவணையாகக் கையால் தள்ளுவதும் தவறாகும். உயர்த்தும் தொகையை வாயால் சொல்லிவிடுவது புதியவர்க்குப் பாதுகாப்பானது. ஒரு கை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் ஆங்கிலத்தில் மட்டுமே பேசலாம் என்ற விதி உள்ளது. இரு நண்பர்கள் தமிழில் பேசிக்கொண்டால் பகிர்பவர் உடனே எச்சரிப்பார். அது கூட்டுச்சதி எனக் கருதப்படும்.

பணமும் வரியும்

ஐக்கிய அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைக் கொண்டு வருவோரும் வெளியே கொண்டு செல்வோரும் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். கொண்டு செல்லத் தடை இல்லை, அறிவிக்காதிருப்பதே குற்றம். போக்கர் போட்டித்தொடரில் பெரிய பரிசு பெறும் வெளிநாட்டவரிடமிருந்து பொதுவாக 30 விழுக்காடு வரி பிடித்தம் செய்யப்படுகிறது. ஐக்கிய இராச்சியம் போன்ற சில நாடுகளில் வசிப்போருக்கு வரி உடன்படிக்கையின்படி விலக்கு உண்டு. பரிசு பெற்ற பின்னர் பணம் வழங்கும் சாளரத்தில்தான் இதைப் பலர் முதன்முறையாக அறிகின்றனர்.